பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) என்று தெரிந்த பிறகு மனசை எப்படிச் சமாளித்தீர்கள்?

கோத்தகிரியிலிருந்து:
டாக்டர் பைபோலார் என்று சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கிக் கிடந்த நேரத்தில் கடன் வாங்கிக் கடை போட்டவள் நான். விடிய விடிய கணக்கு எழுதுவேன். "என்னா சுறுசுறுப்பு!" என்று ஊரே மெச்சியது. அதெல்லாம் நோய்தானா? அப்போ தங்கச்சி கல்யாணத்தில் ஆடித் தீர்த்தேனே, அதுவும் நோயா? சந்தோஷமாக இருந்த நாட்களை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அதற்கு மேல். கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் போதும், அம்மா எட்டிப் பார்த்து, "மாத்திரை போட்டியாடி?" என்பார். நோயைவிட அந்தக் கேள்விதான் வலித்தது.

ஒருநாள் இதை டாக்டரிடமே கேட்டுவிட்டேன். சிரிப்பை அளக்காதீர்கள், தூக்கத்தைக் கவனியுங்கள் என்றார். மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பு தெரியாமல், பேச்சும் செலவும் ஏறிக்கொண்டே போனால் உடனே வரச் சொன்னார். இப்போது காலண்டரில் தூங்கிய நேரத்தை மட்டும் குறிக்கிறேன். அம்மாவும் அதைத்தான் பார்க்கிறார். என் முகத்தை நோட்டம் விடுவது குறைந்திருக்கிறது.

குன்னூரிலிருந்து:
அக்கா, பைபோலாருக்குக் கொடுக்கிற லித்தியம் மாத்திரை எடுக்கிறீர்களா? நானும்தான். நம்ம குளிரில் தாகமே தெரியாது. ஆனால் உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். முட்டி வலிக்குக் கடையில் வாங்கும் இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகளும் ஏற்றிவிடும், கேட்காமல் போடாதீர்கள். கை நடுக்கம் கூடி, வாந்தி பேதி, நடையில் தள்ளாட்டம் என்றால் குளிர் என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். லித்தியம் அளவு பார்க்கும் ரத்தத்தைக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துக் கொடுக்கணும். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனையும் அவ்வப்போது உண்டு.

கூடலூரிலிருந்து:
எனக்கும் இதேதான், இன்னும் வீட்டில் சொல்லவில்லை. ஊட்டிக்குப் பஸ் ஏறினாலே "என்ன விசேஷம்?" என்று கேட்கிற ஊர். ராத்திரி நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தபோது 14416-க்குப் போன் போட்டேன். டெலி மனாஸ் என்கிற மனநல உதவி எண், 2022-இல் அரசு தொடங்கியது. இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பெயர் சொல்லாமல் அழுதேன், கேட்டுக்கொண்டார்கள். இப்போது வீட்டில் பெண் பார்க்கிறார்கள். சொல்லணுமா அக்கா?

கோத்தகிரியிலிருந்து:
சொல்லணும் தம்பி, நிச்சயத்துக்கு முன்னாடியே. ஆனால் பெண் வீட்டுக்கு முன்னால் உன் அம்மாவிடம் சொல். முதல் வாரம் கஷ்டம்தான். முடிந்தால் அடுத்த தடவை டாக்டரிடம் அம்மாவையும் கூட்டிப் போ, நீ சொல்லத் திணறுவதை டாக்டர் சொல்லிவிடுவார்.