நாகூர் கந்தூரிக்கு யார் யார் வருகிறீர்கள்?

பெரியம்மா: நாகூர் தர்காவில் கந்தூரித் திருவிழா வருகிறது. பிறை தெரிந்ததும் கொடி ஏறிவிடும், 10ஆம் நாள் இரவு சந்தனக்கூடு, அதாவது சமாதிக்குப் பூசும் சந்தனத்தை அலங்காரக் கூட்டில் கொண்டுவரும் ஊர்வலம். வேனுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், யார் யார் என்று இன்றைக்கே போடுங்கள்.

அக்கா: நாங்கள் நாலு பேரும் வருகிறோம் பெரியம்மா. சின்னவனுக்கு அங்கே முடி இறக்குவதாக வேண்டுதல் இருக்கிறது.

அண்ணி: அத்தை, நான் தர்காவுக்குள் போனதே இல்லை. நம்மையெல்லாம் உள்ளே விடுவார்களா?

சித்தப்பா: தாராளமாகப் போகலாம்மா. அங்கே வருகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் நம்மைப் போல இந்துக்களாகத்தான் இருக்கும் என்று தோன்றும். தர்காவின் ஐந்து மனோராவில், அதாவது கோபுரங்களில், பெரிய மனோரா இருக்கிறதே, 131 அடி, அதைக் கட்டிக்கொடுத்தவர் நம் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். சந்தனக்கூடு ஊர்வலமும் நாகப்பட்டினத்தில் அபிராமி அம்மன் திருவாசலில் இருந்துதான் கிளம்பும். கூட்டோடு ஜனங்கள் விடிய விடிய நடந்து நாகூர் வந்து சேர்ந்த பிறகுதான் எஜமான் நாகூர் ஆண்டவர் சமாதிக்குச் சந்தனம் பூசுவார்கள்.

அண்ணி: அம்மன் வாசலில் இருந்தா! எனக்குத் தெரியவே தெரியாது மாமா.

பெரியம்மா: தலையில் முந்தானையைப் போட்டுக்கொள், செருப்பை வெளியே விட்டுவிடு, அவ்வளவுதான். பூவும் சர்க்கரையும் வாங்கிக் கொடுத்தால் பாத்திஹா என்கிற பிரார்த்தனையை ஓதி, மயிலிறகால் தலையில் தடவிவிட்டு, சர்க்கரையைத் திருப்பித் தருவார்கள். உன் வீட்டுக்காரன் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் விடாமல் அடித்து, அந்தச் சர்க்கரையைத்தான் நாக்கில் தொட்டு வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு நாகூர் ஆண்டவர் என்றால் குலதெய்வம் மாதிரி.

அக்கா: ஆனால் சந்தனக்கூடு அன்று அப்பாயியைக் கூட்டிப்போக முடியாது, நெரிசல் தாங்காது. வண்டியையும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

சித்தப்பா: சரி, அப்பாயியை நான் கொடியேற்றம் முடிந்த மறுநாள் காலையில் ரயிலில் கூட்டிப்போகிறேன். நாகூரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. முடி இறக்குவதையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம், குளத்துப் பக்கம் கூட்டம் குறைவாக இருக்கும்.

அக்கா: அப்படியென்றால் நாங்களும் உங்களோடு ரயிலில் வந்துவிடுகிறோம் சித்தப்பா. சந்தனக்கூட்டுக்கு நான் மட்டும் தனியாக வேனில் வருகிறேன்.

அண்ணி: அத்தை, வேனில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவும் வரலாமா என்று கேட்கிறார்கள்.

பெரியம்மா: இதைக் கேட்கவே வேண்டாம், சம்பந்தியம்மாவை முதல் நாளே நம் வீட்டுக்கு வந்துவிடச் சொல்.