“சரிங்க”ன்னு சொன்னாரு, ஆனா… – வேலை இடத்துல கண்ணால பார்த்தது இருந்தா எழுதுங்க

சூரமங்கலம் மில்காரர்
ஸ்பின்னிங் தெரிஞ்சவங்களுக்கு விளக்கம் வேண்டாம், மத்தவங்களுக்கு: 40ங்கிறது நூலோட பருமன் கணக்கு; கார்டட் சாதா நூல், கோம்ப்ட் குட்டை நாரைச் சீவி எடுத்த நூல். மதியம் 2 மணி ஷிஃப்ட் மாத்தம். 6-ஆம் நம்பர் ஃபிரேம்ல (நூல் நூற்கிற மெஷின்) 40 கார்டட் முடிஞ்சு 40 கோம்ப்ட் ஏத்தியிருக்காங்க. கிளம்புற சூப்பர்வைசர் கேட் பக்கம் நடந்துக்கிட்டே சொன்னது இவ்வளவுதான்: “ஆறுல மாத்தியாச்சு, பழைய பாபினை எல்லாம் எடுத்துருங்க.” வந்தவர் “சரிங்க”ன்னாரு.

ரெண்டு மணி நேரம் கழிச்சு மேஜைக்குப் பக்கத்துல ஒரு சாக்கு. உள்ள பார்த்தா விரிசல் விட்டது, வாய் உடைஞ்சது, தேஞ்சதுன்னு அத்தனையும் காலி பாபின்! “பழைய”ன்னா தேஞ்சதுன்னு நினைச்சு மனுஷன் பொறுக்கிப் பொறுக்கி எடுத்திருக்காரு. சூப்பர்வைசர் சொன்னது முன்ன ஓடின கார்டட் நூல் பாபினை. அந்தக் கார்டட் பாபின் இருந்த டப்பா மட்டும் வைண்டிங்ல (பாபின் நூலைப் பெரிய கோனாச் சுத்துற இடம்) கோம்ப்டோட கலந்து கோன் ஆயிருச்சு. ரெண்டும் 40தான், கோன்ல பார்த்தா தெரியாது. துணி சாயத்துக்குப் போனப்புறம் பட்டை பட்டையா நிக்கும்.

கேட்ல நின்னு ஷிஃப்ட் ஒப்படைக்கிறதே தப்பு. மெஷின் முன்னாடி நின்னு நாலு விஷயம் சொல்லணும்: எது மாறிச்சு, பழசு எங்கெங்க மிச்சம் இருக்கு, எத்தனை டப்பா, எதைத் தொடக்கூடாது. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லணும். அஞ்சு நிமிஷம் போதும்.

ஏற்காடு, காபி
இங்க அந்த “பழைய” மாதிரி ஒரு வார்த்தை இருக்கு: “நல்ல பழமா எடுங்க.” நல்லதுன்னா என்ன? ஆளுக்கொரு கணக்கு.

சாயந்திரம் எடை போடுற இடம். ஒரு அம்மா மூட்டையை மேஸ்திரி தார்ப்பாய்ல கொட்டி, பச்சைக் காயா பொறுக்கி ஒவ்வொண்ணா எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டினாரு. சுத்தி முப்பது பேர். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசல. காலி சாக்கை நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு நடந்துட்டாங்க. மறுநாள் அவங்களும் வரல, கூட வர்ற மூணு பேரும் வரல. உச்சக்கட்ட பறிப்புல நாலு கை போச்சு.

மேஸ்திரி கோபம் நியாயந்தான். பச்சைக் காய் பல்ப்பர்ல (பழத்தோலை உரிக்கிற மெஷின்) தோல் உரியாது, கொட்டை வெட்டுப்படும். பழம் அன்னைக்கே பல்ப்பருக்குப் போகணும், ராத்திரி உக்காந்து பொறுக்க முடியாது. ஆனா காலைல வரிசை பிரிக்கும்போதே மூணு பழத்தை உள்ளங்கைல வெச்சுக் காட்டியிருக்கலாம்: முழுச் சிவப்பு, அரைப்பழம், பச்சை. விரல்ல லேசா அழுத்தினா கொட்டை வழுக்கி வெளிய வரணும், வரலைன்னா செடியிலேயே விடு. அவ்வளவுதான் பாடம். தனியாச் சொல்ல வேண்டியதைத் தராசுப் பக்கம் சொல்லாதீங்க.

நைட் டியூட்டி நர்ஸ்
போன்ல ஆர்டர். டாக்டர் சொன்னது “ஃபிஃப்டீன்”, எழுதினது 50. சிரிஞ்ச்ல மருந்து ஏத்துற நேரத்துல, ஸ்பீக்கர்ல கூடக் கேட்டிருந்த சிஸ்டர் கையைப் பிடிச்சதால தப்பிச்சோம். இதுக்கு முறை ரொம்ப நாளா இருக்கு: முதல்ல எழுது, எழுதினதைப் படிச்சுக் காட்டு, அந்தப் பக்கம் “ஆமா” வந்தப்புறம் மருந்தை எடு. எண்ணை “ஒன் ஃபைவ்”, “ஃபைவ் ஜீரோ”ன்னு பிரிச்சுச் சொல்லணும்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு
மில்காரரும் சிஸ்டரும் திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லுன்னு சொல்றீங்க. திருப்பிச் சொல்லியும் கெட்டது இது.

புதுப் பட்டறைக்கு ஆர்டர்: “80 கிராம் கொலுசு, 10.” பட்டறைக்காரர் “80 கிராம், 10 தானுங்களே?”ன்னாரு. “ஆமா.” 800 கிராம் வெள்ளி எடை போட்டுக் கொடுத்தாச்சு. முதலாளி மனசுல ஜோடி 80, பத்து ஜோடி. அவர் மனசுல ஒரு கால் 80, பத்து உருப்படி. வந்தது அஞ்சு ஜோடி, ஒவ்வொண்ணும் 160 கிராம். மொத்த எடை சரியா இருந்ததால கடைசி வரைக்கும் யாருக்கும் சந்தேகமே வரல. சங்கிலி மாதிரி தொங்குற அந்தக் கொலுசை முதலாளி ரெண்டு விரல்ல தூக்கிப் பிடிச்ச முகம் இருக்கே!

வார்த்தையைத் திருப்பிக் கேக்காதீங்க, வேலையைக் கேளுங்க. “ஒரு கால் எத்தனை கிராம் வரும்?” ஒரே கேள்வி. இன்னொண்ணு, முப்பது வருஷமா ஊதுகுழல் பிடிச்சவரை “என்ன சொன்னேன், சொல்லு”ன்னு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. “நான் சரியாச் சொன்னேனான்னு தெரியல, நீங்க எப்படிப் பண்ணப் போறீங்க அண்ணா?”ன்னு கேட்டா பாரம் நம்ம மேல நிக்கும்.

பயிற்சி கொடுக்கிறவர்
யாரும் கேக்கல, இருந்தாலும் எழுதிடறேன். 1977 மார்ச் 27, டெனரீஃப் ஓடுபாதை, பனிமூட்டம். கே.எல்.எம். விமானம் டேக்-ஆஃப்ல இருக்கோம்னு சொல்லுது. கட்டுப்பாட்டு அறை முதல்ல சொன்ன வார்த்தை “ஓகே”. அடுத்துச் சொன்ன “காத்திருங்க, நான் கூப்பிடறேன்” இன்னொரு விமானத்தோட பேச்சு மேல விழுந்து இரைச்சல் ஆயிருச்சு. அதே ஓடுபாதையில எதிர்ல பான் ஆம் விமானம், ரெண்டும் மோதிச்சு. 583 பேர் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் “டேக்-ஆஃப்”ங்கிற வார்த்தையை அனுமதி கொடுக்கவும் ரத்து பண்ணவும் மட்டும்தான் சொல்லணும்னு ஆக்கினாங்க, மத்த நேரத்துக்கு “டிபார்ச்சர்”.

நம்ம ஊர்ல “சரிங்க” மரியாதை. காதுல விழுந்ததுங்கறதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. “புரிஞ்சுதா?”ன்னு கேட்டா “சரிங்க” தவிர வேற பதில் சொல்ல எதிராளிக்கு வழி இல்ல. “எதை முதல்ல எடுப்பீங்க?”, “எங்க சந்தேகம் வரும்?”னு கேளுங்க. தப்பு நடந்தா மூணு துண்டாச் சொல்லுங்க: எப்போ, என்ன செஞ்சது, அதனால என்ன ஆச்சு. “நீ எப்பவுமே இப்படித்தான்” வேண்டாம், “எப்பவுமே”வுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. வாட்ஸ்அப் குரூப்ல கட்டைவிரல் போட்டா ஒப்புக்கிட்டதா எடுத்துக்காதீங்க. வாய்ஸ் மெசேஜ்ல அளவு, எண் அனுப்பாதீங்க, பிறகு தேடி எடுக்க முடியாது. எழுத்துல…

சூரமங்கலம் மில்காரர்
சார், கொஞ்சம் நிறுத்துங்க. விமானத்துல ரெண்டு பக்கமும் பேசினது இங்கிலீஷ். எங்க ஷெட்ல பாதிப் பேர் ஒடிசா, பீகார் பசங்க. “எங்க சந்தேகம் வரும்?”னு எந்த மொழில கேக்கறது?

செவ்வாய்ப்பேட்டை கொலுசு
பேசவே வேண்டாமே. மாதிரி கட்டுங்க. இந்த ஃபிரேம்ல ஓட வேண்டிய பாபின் ஒண்ணை நூலோட மெஷின் தலைப்புல தொங்க விடுங்க. கலர் மாறினா மாதிரியும் மாறும்.

சூரமங்கலம் மில்காரர்
கார்டடுக்கும் கோம்ப்டுக்கும் ஒரே மஞ்சள் பாபின்தானுங்க ஓடுது. கலந்ததே அதனாலதான்.

ஏற்காடு, காபி
அப்போ முதல்ல வேற கலர் பாபினுக்கு ஸ்டோர்ல பேசுங்க.