59 சீசீ செயின்சோவால வேப்பங்குத்திய பலகையா அரியலாமா? வளவுக்குப் பின்னால ஆனை வாற பக்கம்

படுவான்கரை வளவு:

வணக்கம். மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் வளவுக்குள்ள காத்துக்கு வேம்பு ஒண்டு விழுந்து கிடக்கு. அடிக்குத்தி 8 அடி நீளம். அடிப்பக்கம் 19 அங்குலம், நுனிப்பக்கம் 16. வேலியோரத்து மரம் எண்டதும் மரக்காலையில எடுக்கமாட்டாங்களாம், ஆணி கம்பி வாளுக்குப் பட்டிருமாம். கைவசம் 59 சீசீ சீனச் செயின்சோ, 20 அங்குல பார் (செயின் சுத்தி ஓடுற தகடு), அலஸ்கன் மில் (பலகை ஒரே கனத்தில அரியப் பாரில பூட்டுற சட்டம்) இருக்கு. கதவுநிலைக்கும் வாங்குக்கும் 2 அங்குலப் பலகை வேணும்.

மேல் முதுகும் (பட்டையோட உருண்டையா வாற முதல் துண்டு) ஒரு பலகையும் எடுத்தாச்சு. ஆனா மெசின் ஒரு அடி போனதும் இழுக்குது, பாரில புகை வருது, தூள் மா மாதிரிக் கொட்டுது. பலகையும் ஒரு தலைப்பில 2 அங்குலம், மற்றத் தலைப்பில ஒண்டரை. முகம் அலை அலையாக் கிடக்கு.

24 அங்குல பார் போட்டாச் சரிவருமா? அரிஞ்ச பலகைய எங்க அடுக்குற? பின்வளவு காட்டுப்பக்கம், வேளாண்மை வெட்டுக் காலத்தில ஆனை வரும். பாம்புப் பயமும் இருக்கு.

தச்சுப்பட்டறை:

24 வேணாம் தம்பி. 59 சீசீக்கு 20 அங்குல பாரே நெடுக்கு அரிவுக்கு உச்சம். பார் நீளமானா இழுக்க வேண்டிய பல்லும் கூடும், மெசின் இன்னும் திணறும். பாரக் கூட்டாம குத்தியச் சிறுப்பிக்கிறதுதான் வழி.

20 அங்குல பாரில மில்லின்ட கவ்விகளப் பூட்டினா மிஞ்சுறது 16, 16½ அங்குலம்தான். குத்தி உருண்டை எண்டதால மேல் முதுகு லேசாப் போகும். 5 அங்குலம் கீழ இறங்கினா 19 அங்குலக் குத்தியின்ட அகலம் 16½ தாண்டிரும். இனி அப்பிடியே கீழ போகாதீங்க. குத்தியக் கால்வாசி உருட்டி, அரிஞ்ச தட்டை முகத்த மூலைமட்டம் வைச்சுச் செங்குத்தா நிறுத்துங்க. இப்ப மேல வந்த பக்கத்தில இரண்டரை அங்குல முதுகு ஒண்டு எடுங்க, பிறகு கவிழ்த்து எதிர்ப்பக்கமும் அதே அளவு. 14 அங்குல அகலத்தில சதுரக்கட்டை வரும். அதுக்குப் பிறகு ஒவ்வொரு பலகையும் பாருக்குள்ள அடங்கும்.

மா மாதிரித் தூள் வந்தா பல்லு மழுங்கிட்டெண்டு அர்த்தம். நல்ல பல்லு எண்டா தூள் மாவா இல்லாமக் குறுணி மாதிரி வரும். கடையில வாற செயின் குறுக்கறுப்புக்கு உரியது, பல்லின்ட மேல்முகம் 30 பாகையில தீட்டியிருக்கும். நெடுக்கு அரிவுக்கு அத 10 பாகைக்குக் கொண்டுவரணும். புதுச் செயின ஒரேயடியா 10க்கு ராவினா பாதிப் பல்லு அரத்தோட போயிரும். பாதி தேய்ஞ்ச பழைய செயினில மாத்துறது லாபம். செயின் கண்ணி அளவு .325 அங்குலம் எண்டா 4.8 மில்லிமீற்றர் உருட்டு அரம், 3/8 எண்டா 5.2 அல்லது 5.5. பல்லுக்கு முன்னால நிக்கிற ரேக்கர் (பல்லு எவ்வளவு ஆழம் கடிக்கணும் எண்டு மட்டுப்படுத்துற திமில்), பல்லு நுனிய விட 0.65 மில்லிமீற்றர் பதிஞ்சிருக்கணும். அதுக்கு மேல ராவினா பல்லு மரத்தக் கவ்வி மெசினை நிப்பாட்டிரும். ஒரு ராங்கி பெற்றோலுக்கு ஒருக்காத் தீட்டுங்க. வேம்பு எண்டா அதுக்கு முந்தியும் தேவைப்படலாம். அரியிற கோட்டில பட்டையக் கோடாலியால செதுக்கிப்போட்டு அரியுங்க. வேம்பின்ட வெடிச்ச பட்டைக்குள்ள மணல் குந்தியிருக்கும், பல்லத் தின்னுறது மரத்த விட அந்த மணல்தான்.

பலகை கனம் மாறினதுக்கு ரெண்டு வேற காரணம் இருக்கு, கலந்து யோசிக்கக் கூடாது. தலைப்புக்குத் தலைப்பு வித்தியாசம் எண்டா மில் சறுக்குற தளத்தில பிழை. வெட்டுத் தொடங்கக்குள்ளயும் முடியக்குள்ளயும் மில் பாதி வெளிய தொங்கும், இஞ்சின் பாரம் ஒரு பக்கம் இழுத்திரும். முதல் வெட்டுக்கு நேரான அலுமினிய ஏணியோ ரெண்டு நேர்க்கட்டையோ குத்திக்கு மேல ஸ்குரூ அடிச்சு வையுங்க. ரெண்டு தலைப்பிலயும் முக்கால் அடியாவது வெளிய நீட்டி நிக்கணும். ஸ்குரூ முனை வெட்டுக் கோட்டுக்கு ஒரு அங்குலமாவது மேல நிக்குதா எண்டு அளந்து பாக்காம இஞ்சினத் தொடாதீங்க. இப்ப உங்கட முகம் கோணலா இருக்கிறதால, சதுரக்கட்டையின்ட மேலயும் ஏணிய வைச்சு ஒரு மெல்லிய பலகை சீவி எடுத்திட்டுத் தொடங்கணும். கோணல் முகத்தில மில் ஓடினா அந்தக் கோணல் கடைசிப் பலகை வரைக்கும் வரும்.

அகலவாட்டில ஒரு பக்கம் இறங்குது, முகம் அலையா வருது எண்டா செயின்ல பிழை. இடப்பல்லு நீளம் ஒண்டு, வலப்பல்லு நீளம் ஒண்டு எண்டு இருக்கும். வேர்னியர் வைச்சு ஆகக் குட்டையான பல்ல அளந்து, மற்ற எல்லாத்தையும் அதுக்குச் சரியா ராவுங்க. பார் தண்டவாளமும் ஒரு பக்கம் தேய்ஞ்சிருக்கலாம். பாரக் கழட்டி, தண்டவாள விளிம்பு கீழ இருக்கக் கண்ணாடியில நிமித்தி வைச்சா, தேய்ஞ்சிருந்தா ஒரு பக்கம் சாயும்.

குத்தியின்ட ஒரு தலைப்ப நாலு விரல் உயத்தி வையுங்க, மில் பள்ளத்துப் பக்கம் தானா இறங்கும், தள்ளுற பாரம் குறையும். நிலத்தில இருந்து ஒரு அடி உயரத்தில கட்டை குடுங்க. ரெண்டு அடிக்கு ஒருக்கா வெட்டின வாய்க்குள்ள மர ஆப்பு அல்லது பிளாஸ்ரிக் ஆப்பு. இரும்பு ஆப்பு வேணாம். வேம்பு நடுக்குருத்தில வெடிக்கிற மரம். நடுப்பலகைய ரெண்டாப் பிளந்து குருத்து வாற ரெண்டு அங்குலத்தக் கழிச்சு விட்டா மிச்சம் நேரா நிக்கும். ஒவ்வொரு வெட்டும் 9 மில்லிமீற்றர் கிட்டத் தின்னும், அதையும் கணக்கில வைச்சுக்கொள்ளுங்க. 2 அங்குலம் வேணுமெண்டா 2¼ல அரியுங்க, காய்ஞ்சு சுருங்கினதும் சீவுறதுக்கு மிஞ்சும்.

சம்மாந்துறை மெக்கானிக்:

மேல சொன்னதெல்லாம் சரி. மெசின் பக்கம் மட்டும் சொல்றன். பலகை அரியக்குள்ள இஞ்சின் நிமிசக்கணக்கா முழு வேகத்தில நிக்கும், விறகு வெட்டுற மாதிரி இல்ல. 1 லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லி ரூ-ஸ்ட்ரோக் ஒயில் எண்டுறது 50:1. அரிவுக்கு 25 மில்லி போடுங்க. சீன மெசினுக்குப் புத்தகத்தில 25:1 எண்டு போட்டிருந்தா அதுப்படி 40 மில்லி. காபரேட்டர்ல H ஸ்குரூவ (முழு வேகத்தில பெற்றோல் அளவக் கூட்டிக் குறைக்கிறது) இடப்பக்கம் எட்டிலொரு சுத்துத் திறந்து விடுங்க. வெறும ஓட்டக்குள்ள முழு வேகத்தில ஒரு பிசிறு கேக்கணும், மரத்துக்குள்ள போனதும் அந்தப் பிசிறு தெளியணும். பிசிறே இல்லாமக் கீச்செண்டு கத்தினா பெற்றோல் குறைச்சல், அப்பிடியே அரிஞ்சா பிஸ்டன் இறுகிரும்.

பாரில புகை எண்டா ஒயில் காணாது. பாரக் கழட்டி ஒயில் துவாரத்தையும் பள்ளத்தையும் கம்பியால சுரண்டுங்க, பம்ப்ப ஆகக் கூடின அளவுக்குத் திருப்புங்க. அப்பிடியும் மூக்குப்பக்கம் காய்ஞ்சா, மில்லில ஒரு போத்தல் கட்டி மீன்தொட்டிக் காத்துக்குழாயும் அதின்ட சின்ன வால்வும் பூட்டி, பார் மூக்கில சொட்ட விடுங்க. இஞ்சின்ல இருந்து கழிச்ச ஒயில் ஊத்துற பழக்கம் இஞ்ச நிறைய. அதில இரும்புத்தூள் இருக்கு, பம்ப் போகும். ஒவ்வொரு ராங்கிக்கும் காத்து வடியைக் கழட்டித் தட்டுங்க. வெட்டு முடிஞ்சதும் டக்கெண்டு நிப்பாட்டாம அரை நிமிசம் சும்மா ஓட விடுங்க, சூடு இறங்கட்டும்.

முகமூடி கட்டாயம். வேப்பந்தூள் தொண்டையப் புண்ணாக்கும்.

உன்னிச்சைக் குளத்தடி:

அடுக்குற கதைக்கு வாறன். மட்டக்களப்பில பலகையக் கெடுக்கிறது ரெண்டு காத்து. கச்சான் அடிக்கிற மாதங்களில மேற்கால இருந்து வாற அனல் ஒரு நாளிலயே தலைப்ப வெடிக்க வைக்கும். மாரியில வாடை ஈரத்தக் கொண்டுவந்து பூஞ்சணம் பிடிக்க வைக்கும். அரிஞ்ச அண்டைக்கே ரெண்டு தலைப்புக்கும் பெயின்ற் ரெண்டு பூச்சு. வேம்புக்குக் கறையான் வராது எண்டுற கதைய வைரத்துக்கு மட்டும் நம்புங்க, வெள்ளைப் பகுதி உளுத்துப்போகும். 15 லீற்றர் சுடுதண்ணியில ஒரு கிலோ வெண்காரமும் 650 கிராம் போரிக் அமிலமும் கரைச்சு, பச்சைப் பலகையில ரெண்டு தரம் பூசி, பொலித்தீனால ரெண்டு மூண்டு கிழமை மூடி வையுங்க. மரம் ஈரமா இருந்தாத்தான் மருந்து உள்ள இறங்கும். மழையில நனையிற வேலைக்கு இது நிக்காது, கழுவுப்பட்டிரும்.

பிறகு அடுக்கு. நிலத்தில இருந்து ஒண்டரை அடி உயரத்தில சீமெந்துக்கல், ஒவ்வொரு கல்லுக்கு மேலயும் தகரத்துண்டு ஒண்டு விளிம்பு வெளிய நீட்ட. கறையான் மண்குழாய் கட்டி ஏறினா அந்த விளிம்பில கண்ணுக்குத் தெரியும். பலகைக்கிடையில ஒரு அங்குலச் சலாகை, ஒண்டரை அடிக்கு ஒண்டு, மேல இருந்து கீழ ஒரே நேரா. நேர் தப்பினா பலகை அலையா வளையும். மேல தகரமும் பாரமும். மேற்குப் பக்கம் மட்டும் கிடுகுத் தட்டி. நாலு பக்கமும் மூடினா உள்ளுக்குப் பூஞ்சணம்தான். காய்ஞ்சதா எண்டு பாக்க ஒரு சின்னத் துண்ட நடுவில செருகி மாதம் ஒருக்கா நிறுங்க, நிறை இறங்குறது நிண்டாத்தான் கதவுநிலைக்கு எடுக்கலாம்.

ஒண்டரை அடி எண்டது பாம்புக்கும் சேத்துத்தான். கீழ குனிஞ்சா அடுத்த பக்கம் வெளிச்சம் தெரியணும். நெல்லு மூட்டை, கோழித்தீன் பக்கத்தில அடுக்காதீங்க, எலி வந்தா நாகமும் புடையனும் வரும். தூள் குவியலை அப்பிடியே விட்டு வைச்சா உக்கி, சூடா, பாம்பு முட்டை இட வசதியா இருக்கும். பரவி விடுங்க, இல்லாட்டி அள்ளுங்க. பலகை எடுக்கக்குள்ள அடியில கை விடாம இரும்புக் கொக்கியால உங்கட பக்கம் இழுத்துத் தூக்குங்க. முதல் தட்டி விட்டு ஒரு நிமிசம் நில்லுங்க. சலாகை இடைவெளியில மட்டத்தேள், நட்டுவக்காலி, அணில் கூடு எல்லாம் இருக்கும். கடிச்சா கீறுறதும் கட்டுறதும் வேணாம், 1990 அம்புலன்சுக்கு அடிச்சுப் போதனா வைத்தியசாலைக்குப் போகணும்.

ஆனைக்கு வேப்பம்பலகையில விருப்பமில்ல. ஆனா அது வாற தடத்துக்குக் குறுக்க அடுக்கு நிண்டா சரிச்சுப்போட்டுப் போகும். அடுக்கை வீட்டோட ஒட்டின பக்கம், லைற் வெளிச்சம் படுற மாதிரி வையுங்க. அத விடப் பெரிய ஆபத்து வேலை நேரத்தில. காதடைப்பும் போட்டு மெசினும் ஓடினா ஆனை பத்தடிக்கு வந்தாலும் தெரியாது. பின்னேரம் 4 மணியோட நிப்பாட்டணும். காதடைப்பு போடாத ஒராள் காட்டுப்பக்கம் பாத்துக்கொண்டு தள்ளி நிக்கணும், கையால சைகை, கத்திப் பயனில்ல. வேலை செய்யிற இடத்தில வாழைத்தார், பனம்பழம், உப்பு, சோத்துப்பொதி ஒண்டும் கிடக்கக் கூடாது. ஆனை வெடி கிராம சேவகர் மூலம் வனஜீவராசிகளிட்ட கேக்கலாம். கொளுத்துற பக்கத்தில மரத்தூளும் பெற்றோல் கானும் இல்லையா எண்டு முதல் பாருங்க, காய்ஞ்ச தூள் பொறி பட்டாப் பத்தும். வளவுக்குள்ள வந்திட்டுப் போகமாட்டன் எண்டு நிண்டா வனஜீவராசிகளின்ட 1992க்கு அடிங்க. மின்சாரக் கம்பியில இருந்து வேலிக்குக் கரண்ட் குடுக்கிற வேலைக்குப் போகாதீங்க, அது ஆனைக்கு முதல் ஆளக் கொல்லும்.

படுவான்கரை வளவு:

மெத்தப் பெரிய உதவி அண்ணன்மார். ரெண்டு கேள்வி மிச்சம். மரத்துக்குள்ள ஆணி இருக்கா எண்டு அரிய முந்தி எப்பிடித் தெரியும்? பக்கத்தில ஒரு தென்னையும் ஒரு பனையும் நிக்கு, அதையும் இந்த மெசினால அரியலாமா?

தச்சுப்பட்டறை:

குத்தியின்ட வெட்டுமுகத்தப் பாருங்க. இரும்பு இருந்தா அதச் சுத்திக் கறுத்த நீலக் கறை மரம் நெடுகப் போகும். கறை நடுவில எண்டா இரும்பு பழசு, வேலி அடிச்ச காலத்தது. இஞ்சத்த மரங்களில ஆணி, முள்ளுக்கம்பி மட்டுமில்ல, போர்க்காலச் சன்னமும் இருக்கும். பட்டையில மூடின தழும்பு, ஒரு இடத்தில மட்டும் பொம்மிக்கிடக்கிற வளையம் கண்டா அந்த ஒரு அடியக் குறுக்க அறுத்துக் கழிச்சு விடுங்க. ஆணி தேடுற கைக்கருவி கிடைச்சா நல்லம், ஆனா ரெண்டு மூண்டு அங்குலத்துக்குக் கீழ அது சொல்லாது, ஒவ்வொரு பலகை எடுத்த பிறகும் புது முகத்தில திரும்ப ஓட்டணும். வேலியில நிண்ட மரம் எண்டா அடியில இருந்து 5 அடி வரைக்கும்தான் பெரும்பாலும் கம்பி. அந்தப் பகுதி உள்ள குத்திக்குப் பழைய செயினப் போட்டு அரியுங்க. இரும்பு பட்ட செயின அப்பிடியே தொடர்ந்து ஓட்டினா ஒரு பக்கப் பல்லு மழுங்கி, நீங்க சொன்ன அதே சரிவு வரும்.

பொந்து இருந்தா கோடாலித் தலையால தட்டிப்போட்டுத் தள்ளி நில்லுங்க. பொந்துத்தேன், உடும்பு, சில நேரம் வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) இருக்கும். தானா வெளியேற ஒரு இரவு விடுங்க.

தென்னை அரியலாம். வெளிவட்டத்தில மட்டும்தான் வைரம், நடு சோறு. அதால நடுப்பலகை எடுக்காம, சுத்திவர உருட்டி உருட்டி வெளிப்பக்கத்த மட்டும் எடுக்கணும். செயினை வேம்ப விடச் சீக்கிரம் மழுக்கும். பனைய இந்த மெசினால அரியிறது வீண். கறுத்த நாரு பல்லத் தின்னும், அரிஞ்சாலும் நாரு குறுக்க வெட்டுப்பட்டுப் பலம் போகும். ஆப்பு இறுக்கி நெடுக்கப் பிளந்து சலாகையா வளையா எடுத்து வாச்சியால செதுக்குற பழைய முறைதான் அதுக்கு. இன்னொண்டு, பெண்பனை, பலா, ஈரப்பலா மூண்டும் மரம் தறிக்கிறதக் கட்டுப்படுத்துற 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில வருது, அனுமதி இல்லாமத் தறிக்க ஏலாது. செயின்சோவும் பதிஞ்சிருக்கணும். வேம்பு வளவுக்குள்ள கிடக்கிற வரைக்கும் ஒரு மாதிரி, உழவு மெசின்ல ஏத்தி றோட்டுக்கு வந்தா வேற மாதிரி. ஏத்த முந்தி பிரதேச செயலகத்தில ஒருக்காக் கேட்டுப்போட்டு ஏத்துங்க.

சம்மாந்துறை மெக்கானிக்:

தென்னைக்கு எண்டா ரெண்டாவது செயின் ஒண்டு தனியா வைச்சுக்கொள்ளுங்க தம்பி. பாரையும் ஒவ்வொரு நாளும் மறுபக்கம் திருப்பிப் பூட்டுங்க, ரெண்டு தண்டவாளமும் ஒரே அளவாத் தேயும்.