பிறை பழைய ஸ்டேஷன்: தாத்தா சொல்வது சரியா?

பினாங்குப் பேரன்:
தாத்தா நிபோங் திபாலில் ரயிலேறித்தான் பினாங்கு வருவாராம். தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் இல்லை, பக்கத்து ஊரான பிறையில் இறங்குவாராம். பிறையில் அப்படி ஒரு ஸ்டேஷன் இருந்ததா?

தோட்டத்து மாமா:
இருந்தது தம்பி. பட்டர்வொர்த் நிலையம் 1967இல்தான் வந்தது. அதுவரை பிறைதான் கடைசி, அப்புறம் பினாங்குத் தீவுக்குப் படகு. தீவிலுள்ள ஜோர்ஜ்டவுனில் 1907இல் கட்டிய மணிக்கூண்டுக் கட்டடத்தில் ரயில் டிக்கெட் விற்றார்கள், தண்டவாளம்தான் கிடையாது!

என் அப்பா அந்தப் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன் ஒன்றில் வேலை பார்த்தார். ஒற்றைத் தண்டவாளம், அதனால் போகலாம் என்று அனுமதி தரும் சாவி ஓட்டுநர் கைக்கு வராமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு நகராது. சாவியை ஒரு பெரிய வளையத்தில் மாட்டியிருப்பார்கள். நிற்காத மெயில் வந்தால், எஞ்சினிலிருந்து நீளும் வளையத்தை அப்பா ஓட்டத்திலேயே முழங்கையில் வாங்குவார். ராத்திரி கை கன்றிப்போயிருக்கும். தைலம் தேய்ப்பது என் வேலை.

பினாங்குப் பேரன்:
ஐயோ! இப்போதும் அந்தச் சாவி உண்டா மாமா?

தோட்டத்து மாமா:
இரட்டைத் தண்டவாளத்துக்கு எதற்கு? 2015இல் மின்ரயிலே பட்டர்வொர்த்துக்கு வந்துவிட்டது. ஏறிப் பார்த்தேன், ஏசி சுகம்தான். ஜன்னலோரம் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) நீட்டும் அக்காவைத்தான் காணோம்.