மாதாமாதம் வாய்ப்புண்: மணத்தக்காளிக்கும் அடங்கவில்லை, யாராவது வழி சொல்லுங்கள்

தஞ்சை ஆசிரியை
வணக்கம். எனக்கு 41 வயது. வகுப்பில் நாள் முழுக்கப் பேசியாக வேண்டிய வேலை. ஏழெட்டு மாதங்களாக வாய்ப்புண் என்னை விட்டபாடில்லை. பத்து நாளில் ஒன்று ஆறும், அதற்குள் வேறோர் இடத்தில் அடுத்தது கிளம்பிவிடும். இப்போது கீழ் உதட்டின் உட்புறம் துவரம்பருப்பு அளவில் ஒன்று இருக்கிறது. நடுவில் வெளிறிய மஞ்சள், சுற்றிலும் சிவந்த வளையம். நாக்கின் அடியில் இன்னொன்று. ‘ழ’ சொல்ல நாக்கை மடித்தால் கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது. செய்யுள் நடத்தும் நாளை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் உடம்புச் சூடு என்கிறார்கள். எண்ணெய்க் குளியல், மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், இளநீர் எல்லாம் ஆயிற்று. மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை ஐந்து நாளைக்கு வாங்கிப் போடுவேன். கொஞ்சம் தணியும், அடுத்த மாதம் பழைய கதைதான்.

காரைக்குடி அம்மா
பேசுவதற்கே சிரமப்படுகிறாயே மகளே. முதலில் எரிச்சலுக்கு வழி பார். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புக் கரைத்து, சாப்பிட்ட பிறகெல்லாம் வாயில் கொஞ்ச நேரம் நிறுத்திக் கொப்பளி. படுக்கும்போது புண்ணின் மேல் ஒரு துளி நெய் தடவு. ஆறும்வரை தயிர்சாதம், குழைந்த பருப்புச் சாதம் போதும். முறுக்கு, சிப்ஸ், தக்காளி, மிளகாய் வேண்டாம். சுண்ணாம்பு வை, படிகாரம் வை என்று யார் சொன்னாலும் கேட்காதே. என் தங்கை சுண்ணாம்பு வைத்து உதடு வெந்துபோய், இரண்டு நாள் கஞ்சிகூடக் குடிக்க முடியாமல் கிடந்தாள்.

ஈரோட்டுக்காரர்
பற்பசைக் குழாயின் பின்புறம் படித்துப் பாருங்கள் சகோதரி. ‘சோடியம் லாரில் சல்பேட்’ என்றிருந்தால், அதுதான் நுரை வருவதற்காகச் சேர்ப்பது. சிலருக்கு அது வாயின் உள்தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அது இல்லாத பற்பசைக்கு மாறிய பிறகு எனக்குப் புண் வருவது நன்றாகக் குறைந்தது. பிரஷ்ஷும் மெல்லியதாக இருக்கட்டும்.

பல் மருத்துவர்
நீங்கள் வர்ணிப்பது ஆப்தஸ் புண் போலத் தெரிகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. சிறியவை ஒன்றிரண்டு வாரத்தில் வடுவின்றித் தானாக ஆறிவிடும். மணத்தக்காளி சாப்பிட்டு ஆறியதா, ஆறும் நாளில் மணத்தக்காளி சாப்பிட்டீர்களா என்று பிரித்துச் சொல்வது கடினம். கீரை நல்லதுதான், தொடருங்கள். ஆனால் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதையல்லவா நாம் தேட வேண்டும்? வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அசைவம் உண்டா? கை கால் மரத்துப்போகிறதா? கண்ணாடியில் நாக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்.

திருச்சியிலிருந்து
இடையில் ஒன்று. எனக்கு நாக்கின் இடது ஓரத்தில், எப்போதும் அதே இடத்தில்தான் புண் வரும். ஓராண்டு சூடு, சூடு என்றே மோர் குடித்தேன். கடைசியில் பார்த்தால், கடைவாய்ப் பல்லின் முனை உடைந்து கூராக நின்றது. அதைத் தேய்த்துவிட்டதோடு சரி, அப்புறம் வரவில்லை.

தஞ்சை ஆசிரியை
டாக்டர், சர்க்கரைக்கு ஐந்து ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பால் காப்பியோடு சரி. நாக்கைப் பார்த்தேன். வழக்கமான சொரசொரப்பு இல்லாமல் வழுவழுவென்று சிவந்திருக்கிறது. இரவில் கால்விரல்கள் மரத்துப்போகும். நின்று பாடம் நடத்துவதால் என்று நினைத்திருந்தேன்.

பல் மருத்துவர்
அப்படியானால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: வைட்டமின் பி12, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டுவது), ஃபோலிக் அமிலம், கூடவே சர்க்கரை. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்பவர்களில் சிலருக்கு பி12 குறைகிறது. சைவ உணவில் அது பெரும்பாலும் பால், தயிர் வழியாகத்தான் வருகிறது. எந்தக் கீரையிலும் கிடையாது. அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் பேசுங்கள். ரத்தம் கொடுக்கும்வரை பி காம்ப்ளக்ஸும் போட வேண்டாம், அளவு கூடுதலாகக் காட்டக்கூடும்.

எரிச்சலுக்கு ஸ்டீராய்டு களிம்பு உண்டு. ஆனால் சர்க்கரை இருப்பவர்களுக்கு வாயில் பூஞ்சையும் வரும், அதன் மேல் இதைத் தடவினால் கூடிவிடும். நேரில் காட்டிய பிறகே வாங்குங்கள்.

கோவில்பட்டி மகன்
ஐயா, என் அப்பாவுக்கு 63 வயது. வெற்றிலையோடு புகையிலை போடுவார். வலது கன்னத்துக்குள், புகையிலை ஒதுக்குகிற அதே இடத்தில், ஒன்றரை மாதமாக ஒரு புண். வலியே இல்லை என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. உப்புநீர் போதுமா?

பல் மருத்துவர்
போதாது தம்பி. வலி இல்லை என்பதே எனக்குக் கவலை தருகிறது. இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். புகையிலை போடுபவர் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. விளிம்பு தடித்திருக்கிறதா, பக்கத்தில் வெள்ளைத் திட்டு உண்டா, வாய் முன்போலத் திறக்கிறதா, கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா என்று அங்கே பார்ப்பார்கள். நாளையே அழைத்துச் செல்லுங்கள். புகையிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

தஞ்சை ஆசிரியை (ஏழு வாரம் கழித்து)
எல்லோருக்கும் நன்றி. பி12 அளவு 148 என்று வந்தது. 200க்குக் கீழே இருந்தால் குறைவு என்றார் மருத்துவர். ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன், பற்பசையையும் மாற்றிவிட்டேன். நடுவில் ஒரு சிறு புண் வந்து ஐந்தே நாளில் ஆறிவிட்டது. நாக்கில் சொரசொரப்பு திரும்பியிருக்கிறது. கால் மரப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை, அதற்கு நாளாகும் என்கிறார். கோவில்பட்டித் தம்பி, அப்பா எப்படி இருக்கிறார்?

கோவில்பட்டி மகன்
வரவே மாட்டேன் என்று முதலில் அடம்பிடித்தார், அக்கா. பேத்தி கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் பஸ் ஏறினார். பயாப்சியில் (புண்ணிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) புற்றுநோய்தான், ஆரம்பக் கட்டம் என்று வந்தது. போன புதன்கிழமை அறுவை சிகிச்சை முடிந்தது. இப்போது மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். புகையிலைச் சுருக்குப்பையை அவரே அம்மாவிடம் கொடுத்து, அடுப்பில் போடச் சொல்லிவிட்டார்.