மறுமொழி: மாதிரி எஞ்சின் சக்கரங்களின் கோண அமைவுக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மாதிரி ரயில் எஞ்சின்களை வீட்டிலேயே பழுதுபார்ப்பவர்களுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில் பெரும்பாலான சொற்கள் ஓரளவு முடிவாகிவிட்டன. ஒரு பக்கத்துச் சக்கரங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கப்ளிங் ராடுக்குப் 'பிணைதண்டு' என்றும், சக்கரத்தின் பின்புறத்தை உரசி மின்சாரம் எடுக்கும் மெல்லிய வெண்கலத் தகட்டுக்கு 'மின்னெடுப்பு' என்றும், வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் மாட்டும் ரப்பருக்குப் 'பிடிவளையம்' என்றும் எடுத்துக்கொண்டோம். எவரும் பெரிதாக மறுக்கவில்லை. இழுபறியில் நிற்பது ஒன்றுதான். நீராவி எஞ்சினின் ஓர் அச்சில் வலப்புறச் சக்கரத்தின் கிராங்க் பின்னையும் (மையத்திலிருந்து விலகி நிற்கும், தண்டு மாட்டும் முளை) இடப்புறச் சக்கரத்தின் கிராங்க் பின்னையும் ஒன்றுக்கொன்று கால்வட்டம் விலக்கி அமைக்கிறார்களே, ஆங்கிலத்தில் குவார்ட்டரிங் எனப்படும் அந்த அமைவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இதுவரை வந்த முன்மொழிவுகள் நான்கு. ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதிவிடலாம் என்றார் ஒருவர். கருத்தளவில் எனக்கு மறுப்பில்லை. ஜிக் (பாகங்களை உரிய நிலையில் பிடித்துவைக்கும் கருவி), மோட்டார், கியர் எல்லாம் அப்படி வந்தவைதாம். ஆனால் தமிழ்நாட்டில் 'குவார்ட்டர்' என்றால் 180 மி.லி. என்றே பொருள்படும் நிலையில், "எஞ்சின் குவார்ட்டரில் பிசகியிருக்கிறது, அதனால் தள்ளாடுகிறது" என்று எழுதினால் அதை எவரும் சிரிக்காமல் படிக்க மாட்டார்கள். இரண்டாவது, 'செங்கோண அமைவு'. மூன்றாவது, 'காற்படுத்தல்'. நான்காவதாக ஒருவர் பிழைநிலைக்கு மட்டும் 'கால்பிசகு' என்று வேடிக்கையாகச் சொன்னார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, எஞ்சினுக்கு எண்ணெய்க்குப் பதில் தைலம் தடவத் தோன்றும் என்பதைத் தவிர.

நான் முன்வைக்கும் சொல் 'முந்தல்'. காரணத்தைச் சொல்லுமுன் பொருளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த இழையில் நாம் இதுவரை ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறோமே தவிர, அந்த அமைவு எஞ்சினில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பேசவில்லை.

சைக்கிளில் ஒரு பெடல் நேர் மேலேயும் மற்றது நேர் கீழேயும் நிற்கும்போது எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி நகராது. நீராவி எஞ்சினிலும் பிஸ்டன் தன் கோடியை எட்டி, தண்டும் கிராங்க்கும் ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டால், அந்தப் பக்கத்து நீராவியால் சக்கரத்தைத் திருப்ப இயலாது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் இந்த நிலைக்கு வந்தால் எஞ்சின் கிளம்பாமலே நின்றுவிடும் என்பதற்காகத்தான் ஒரு பக்கத்தை மற்றதைவிடக் கால் சுற்று முன்னே வைக்கிறார்கள்; ஒன்று கோடியில் இருக்கும்போது மற்றது நடுவில் முழுவலுவோடு தள்ளும். இரண்டு சிலிண்டர் எஞ்சின் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை 'சுக்' என்பதும் இதனால்தான்.

மின்சாரத்தில் ஓடும் மாதிரி எஞ்சினில் நீராவி கிடையாது. மோட்டார், வோர்ம் கியர் (திருகு வடிவப் பல்லிணை) வழியாகப் பெரும்பாலும் ஒரே ஓர் அச்சை மட்டும் சுழற்றுகிறது. மற்ற அச்சுகளைச் சுழற்றுவது பிணைதண்டுகளே. எல்லாப் பின்களும் தண்டோடு ஒரே கோட்டில் படுக்கும் கணத்தில், அடுத்த சக்கரம் மேல்நோக்கித் திரும்புவதா கீழ்நோக்கித் திரும்புவதா என்பதை அந்தத் தண்டால் தீர்மானிக்க முடியாது. அப்போது வழிகாட்டுவது மறுபக்கத்துத் தண்டு. ஆகவே மாதிரியில் இன்றியமையாதது 90 பாகை என்ற எண் அன்று. எல்லா அச்சுகளிலும் அந்த விலகல் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதே. மூன்று அச்சுகளும் 87 பாகையில் இருந்தால் எஞ்சின் குறையின்றி ஓடும். இரண்டு 90 பாகையிலும் ஒன்று 87 பாகையிலும் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இறுகும். சக்கர வகை ஒன்று உண்டு, ராம்ஃபோர்டு எனப்படுவது. அதில் அச்சின் இரு முனைகளும் சதுரமாகச் செதுக்கப்பட்டிருப்பதால், மாட்டி நட்டை முறுக்கினாலே கோணம் தானாக அமைந்துவிடும். அழுத்திச் செருகும் வகையில்தான் நாம் பார்த்துப் பார்த்து அமைக்க வேண்டும்.

எவ்வளவு பிசகு தாங்கும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 26 அங்குலப் பிஸ்டன் வீச்சுள்ள எஞ்சினில் கிராங்க் ஆரம் 13 அங்குலம். ஓர் அடிக்கு 4 மி.மீ. என்னும் பிரிட்டிஷ் ஓஓ அளவில் அது ஏறத்தாழ 4.3 மி.மீ. ஆகிறது. அந்த ஆரத்தில் ஒரு பாகைப் பிசகு என்பது பின்னின் இடத்தில் சுமார் 0.075 மி.மீ. நகர்வு. பிணைதண்டின் துளையில் பின்னைச் சுற்றி 0.1 மி.மீ. தளர்வு இருந்தால் ஒரு பாகை மறைந்துவிடும். மூன்று பாகை என்றால் 0.23 மி.மீ.; தண்டு இறுகத்தான் செய்யும். துளையை அரத்தால் பெரிதாக்கி இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் அது பிசகை ஒளித்துவைப்பதே ஒழியத் தீர்ப்பது அன்று. தளர்வு கூடிய தண்டு பின்னை நாளடைவில் அரித்துவிடும்.

பிசகு வரும் வழியும் சொல்தேர்வுக்குத் தொடர்புடையது. இரு தண்டவாள மின்முறையில் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே மின்காப்பு வேண்டும் என்பதால் பல சக்கரங்களின் நடுப்பகுதி பிளாஸ்டிக்காக இருக்கிறது; சிலவற்றில் அச்சே இரண்டு பாதிகளாகி, நடுவே ஒரு பிளாஸ்டிக் குழலால் இணைகிறது. அந்தப் பிளாஸ்டிக் பழையதாகித் தளர்ந்தாலோ கீறினாலோ சக்கரம் அச்சின்மீது இம்மியளவு வழுகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மெதுவாக ஓட்டும்போது மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் எஞ்சின் நொண்டும். கீறிய பல்சக்கரமும் இதே போல நொண்டச் செய்யும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். பிணைதண்டுகளைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். நொண்டல் அப்போதும் இருந்தால் பல்சக்கரத்தையோ மோட்டாரையோ சந்தேகிக்கலாம். சீராக ஓடினால் மோட்டாரைக் கழற்றிவிட்டு (வோர்ம் பூட்டியிருந்தால் சக்கரத்தைக் கையால் உருட்ட முடியாது) ஒரு பக்கத்துத் தண்டை மட்டும் மாட்டி உருட்டுங்கள், பிறகு மறுபக்கத்தை மட்டும். தனித்தனியே தடையின்றி உருண்டு, இரண்டும் சேர்ந்தால் இறுகுமானால் நாம் பெயர் தேடும் பிழை அதுதான்.

எந்த அச்சு தவறியது என்பதை அறியத் தண்டுகளைக் கழற்றி, வலப்பக்கத்துப் பின்களை எல்லாம் நேர் கீழே நிறுத்தி, எஞ்சினைத் திருப்பி இடப்பக்கத்தில் ஒரு எஃகு அளவுகோலை அச்சு மையங்களை ஒட்டிக் கிடையாக வைத்தால் போதும். மற்ற பின்கள் அளவுகோலின் விளிம்போடு பொருந்தி நிற்க, ஒன்று மட்டும் மயிரிழை மேலோ கீழோ தெரியும். கியர் பூட்டிய அச்சை ஆதாரமாகக் கொண்டு, அதற்கு மற்றவற்றை இசைய வைப்பதே நல்லது. ஒரு சக்கரத்தை விரல்களால் இறுகப் பிடித்து மற்றதைத் திருகினால், முதலில் அசையாது. பிறகு 'டிக்' என்று ஒரு சிறு விடுபடல் விரலில் தெரியும், அதற்குள் தேவைக்கு மேல் நகர்ந்துமிருக்கும். ஜிக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோணம் சரியானதும் சக்கரங்களின் உட்புற இடைவெளியையும் அளக்க வேண்டும். ஓஓ அளவில் அது 14.5 மி.மீ. அளவில் இருப்பது வழக்கம். பின்னரே, சக்கரத்தை அச்சோடு ஒட்டவைக்க ஊசிமுனையால் ஒரு துளி பிடிப்புத் திரவம். அச்சு சுழலும் தாங்கியில் அது வழிந்தால் அச்சே ஒட்டிக்கொள்ளும்.

மேலே எழுதியதை மீண்டும் பார்த்தால், பழுதுபார்ப்பவர் கையில் செய்யும் வேலையில் 'கால்' என்பதற்கோ 'செங்கோணம்' என்பதற்கோ இடமே இல்லை என்பது விளங்கும். அவர் ஓர் அச்சில் ஒரு பின் மற்றதைவிட எவ்வளவு முந்தியிருக்கிறது என்று பார்க்கிறார். அது எல்லா அச்சுகளிலும் ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறார். எனவே சொல் அந்த முந்துதலைத்தான் குறிக்க வேண்டும். 'செங்கோண அமைவு' இன்னோர் இடத்திலும் தடுக்கும். பிரிட்டிஷ் எஞ்சின் வடிவமைப்பாளர் கிரெஸ்லியின் மூன்று சிலிண்டர் எஞ்சின்களில், 1923இல் இங்கிலாந்தின் டொன்காஸ்டரில் கட்டப்பட்ட ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் உட்பட, வெளிப்புறக் கிராங்க்குகள் இரண்டும் 120 பாகை விலகி நிற்பவை. அவை ஒரு சுற்றுக்கு ஆறு முறை 'சுக்' என்னும். அதைச் 'செங்கோணம் 120 பாகை' என்று எழுத நேர்ந்தால் கணக்கு ஆசிரியர்கள் சும்மா விடமாட்டார்கள். 'முந்தல் 120 பாகை' என்பதில் முரண் இல்லை. வழக்கமான அமைவைத் தனித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் 'கால்முந்தல்' என்று சேர்த்துக்கொள்ளலாம். காற்படுத்தலை முன்மொழிந்த நண்பருக்கும் அதில் மனக்குறை இராது என்று நம்புகிறேன்.

எந்தப் பக்கம் முந்துகிறது என்பதற்கும் சொல் இயல்பாகக் கிடைக்கிறது. இடப்பின் உச்சியில் நிற்கும்போது வலப்பின் எஞ்சினின் முன்புறம் நோக்கி இருந்தால் அது 'வலமுந்தல்'. மாறாக இருந்தால் 'இடமுந்தல்'. அமெரிக்காவில் பெரும்பாலான எஞ்சின்கள் வலமுந்தலாக இருக்க, பென்சில்வேனியா ரயில்ரோடு இடமுந்தலைக் கைக்கொண்டது. அந்த நிறுவனத்தின் எஞ்சினை மாதிரியாகக் கட்டுகிறவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல ஒரு சொல் கட்டாயம் வேண்டும்.

சென்ற வார மடலில் அம்மையார் ஒருவர் எழுப்பிய ஐயம் நுட்பமானது: எஞ்சின் பின்னோக்கி ஓடும்போது முந்திய பின் பிந்தியதாகிவிடுமே, அப்போது 'முந்தல்' பொய்யாகாதா? முன்னோக்கிய ஓட்டத்தை வைத்தே சொல்லின் பொருளை வரையறுத்துவிடலாம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதைவிட நல்ல விடை இருக்கிறது. வலமுந்தல் எஞ்சின் பின்னோக்கி ஓடும்போது அதன் இடப்பின்தான் முந்துகிறது, உண்மை. எனினும் ஓடும் திசையைப் பார்த்து நிற்பவருக்கு அந்த இடப்பக்கமே வலப்பக்கம். ஆக, ஓடும் திசையை நோக்கி நின்றால் எப்போதும் வலப்பக்கமே முந்துகிறது. சொல் பொய்யாகவில்லை.

இதிலிருந்தே பட்டறையில் பயன்படும் இன்னொன்றும் கிடைக்கிறது. கழற்றிய அச்சை இடம் வலமாக மாற்றி மாட்டிவிட்டால் கோணம் கெட்டுவிடும் என்று புதியவர்கள் அஞ்சுவதுண்டு. வலமுந்தல் அச்சை எப்படித் திருப்பி மாட்டினாலும் அது வலமுந்தலாகவே இருக்கும். வலம்புரிச் சங்கைத் திருப்பிப் பிடித்தால் இடம்புரி ஆகாததைப் போன்றதுதான் இதுவும். மாறக்கூடியது வேறு: ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் மின்காப்புள்ள எஞ்சினில் அச்சைத் திருப்பி மாட்டினால், தண்டவாளத்தில் வைத்த உடனே ஷார்ட் சர்க்கியூட் ஆகும். ஆகையால் 'முந்தல்' அச்சுக்கே உரிய பண்பு, 'காப்புப் பக்கம்' மாட்டும் முறையைச் சார்ந்தது என்று சொற்பட்டியலில் அடுத்தடுத்துத் தந்தால் படிப்பவர் குழம்பமாட்டார்.

மின்னியலில் கட்டக் கோணத்தைப் பேசும்போதும் முந்துதல், பிந்துதல் என்ற சொற்கள் ஆளப்படுகின்றனவே, மோதாதா என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். மோதாது என்பதோடு அது நமக்குத் துணையும்கூட. ஒரே அதிர்வெண்ணில் சுழலும் இரண்டில் ஒன்று குறிப்பிட்ட கோணம் முன்னே இருப்பதைத்தான் அங்கும் சொல்கிறார்கள்.

ஆகவே பட்டியலில் சேர்க்க நான் தரும் வரிகள் இவை. முந்தல்: ஓர் அச்சின் இரு கிராங்க் பின்களில் ஒன்று மற்றதைவிட முன்னே நிற்கும் கோணம். முந்தல் ஒப்பு: எஞ்சினின் எல்லா அச்சுகளிலும் முந்தல் சமமாக இருத்தல். முந்தல் பிசகு: அவ்வாறு இல்லாமை. சரிசெய்யும் வேலைக்கு 'முந்தல் ஒத்தமைத்தல்'. கருவிக்கு 'முந்தல் ஜிக்' போதும், ஜிக்கைத் தமிழாக்கி லேத் பட்டறைக்காரர்களிடம் கொண்டுபோனால் அவர்கள் திருப்பி ஜிக் என்றுதான் கேட்பார்கள்.

முடிவெடுக்குமுன் ஒரு தகவல் வேண்டும். மூன்று சிலிண்டர் எஞ்சின்களின் மாதிரிகளிலும் தயாரிப்பாளர்கள் பலர் வசதி கருதி 90 பாகையையே வைத்துவிடுகிறார்கள். உங்களிடம் அத்தகைய மாதிரி இருந்தால், வலப்பின்னை நேர் கீழே நிறுத்தி இடப்பின் கிடையாக இருக்கிறதா, அதிலிருந்து விலகி இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். 120 பாகையில் அமைந்தவை கணிசமாக இருந்தால், வரையறையில் இரண்டு அளவுகளையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
சொற்பட்டியல் தொகுப்பாளர்களுள் ஒருவன்