அகத்தியமலைப் பாறையில் செருப்பு ஆர்க்கிட்: பார்த்தவர்கள் உண்டா?

எனக்குக் காட்டில் அந்தப் பூ கிடைக்கவில்லை, அது வளரும் இடம்தான் பார்க்கக் கிடைத்தது. கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து ஏறி அதிருமலையில் தங்கினோம். மறுநாள் பொங்காலப்பாறை தாண்டியதும் ஈத்தை என்னும் மெல்லிய மூங்கில் காடு முடிந்து வெட்டவெளிப் பாறை. கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும், காற்று ஆளையே தள்ளும். ஆர்க்கிட் என்றாலே நிழலும் மரக்கிளையும்தான் நினைவுக்கு வரும், இல்லையா? நான் தேடிய செருப்பு ஆர்க்கிட் (தாவரவியல் பெயர் ‘பாபியோபெடிலம் ட்ரூரியை’) அந்த ரகம் இல்லை. 1400 மீட்டருக்கு மேலே, புல்லும் பாறையும் கலந்த சரிவில், இடுக்கில் சேர்ந்த கொஞ்சம் மண்ணே அதற்குப் போதும். மட்டத்தண்டு ஊர்ந்து ஊர்ந்து பரவும்.

கூட வந்த காணிப் பழங்குடி வழிகாட்டியிடம் கேட்டேன். "சாரே, இருந்தாலும் சொல்ல மாட்டேன்" என்று சிரித்தார். அவர் சொன்னது சரிதான். 1865இல் கர்னல் ட்ரூரி திருவிதாங்கூர் மலையில் கண்ட செடி இது. அப்புறம் நூறாண்டு போலக் காட்டில் யார் கண்ணிலும் படவில்லை. 1972இல் இங்கே மறுபடி கிடைத்தது. கிடைத்ததே வினையாகி, விற்பதற்காகப் பிடுங்கியே ஏறக்குறைய துடைத்துவிட்டார்கள்.

பதில்:
அண்ணா, நான் பூவைப் பார்த்திருக்கிறேன், ஆனால் தொட்டியில். கேரளத்தில் பாலோடு என்ற ஊரின் தாவரவியல் பூங்காவில். தண்டுக்கு ஒரே பூ. மஞ்சள் நிறம், மேலிதழிலும் பக்கத்து இதழ்களிலும் நடுவே மையால் இழுத்ததுபோல ஒரு கரும்பட்டை. கீழே பை மாதிரி உதடு, உள்ளே தேன் கிடையாது. ஏமாந்து விழும் பூச்சி பின்பக்கக் குறுகல் வழியாகத்தான் வெளியே வர முடியும்; வரும்போது மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். கெட்டிக்காரப் பூ! இந்தப் பேரினத்தின் மற்ற இந்திய வகைகள் வடகிழக்கில் இருக்க, இது மட்டும் எப்படித் தெற்கே தனித்து நின்றது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பதில்:
படம் போடுகிறவர்கள் எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டுப் போடுங்கள். "மலைச்செடி, வேரோடு தருகிறேன்" என்று ஒருவர் எனக்கே விலை சொன்னார். செருப்பு ஆர்க்கிட்டுகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. செடிதானே என்று வாங்கிவிடாதீர்கள்.

பதில்:
நன்றி தம்பி, தொட்டிப்பூ படம் இருந்தால் போடுங்கள். திருநெல்வேலிப் பக்கச் சரிவில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? இடம் வேண்டாம், எந்த மாதம் பூத்திருந்தது என்று மட்டும் சொன்னால் போதும்.